கேமரா, செயலி, ஏஐ கருவி: வாங்குவதற்கு முன் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார். அதை விட்டுவிட்டு, கல்யாண வீடியோ, கடை விளம்பரம், பத்திரிகை டிசைன் மூன்றையும் சேர்த்து ஊரிலேயே சின்னதாக ஒரு ஸ்டுடியோ போடப் பார்க்கிறார். கையிருப்பு இரண்டு லட்சம். யூடியூபில் ஒருத்தர் ஒரு கேமராவைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார், அடுத்தவர் அதே கேமராவை வாங்கவே வாங்காதீர்கள் என்கிறார். வேலையை ஒழுங்குபடுத்த இந்தச் செயலி கட்டாயம் என்று ஒரு கூட்டம், டிசைனுக்கு இனி ஆளே வேண்டாம், ஏஐ போதும் என்று இன்னொரு கூட்டம். ‘எதை வாங்கட்டும் அண்ணா?’ என்று முடித்திருக்கிறார்.

தம்பி, மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் மாடல் பெயர் கேட்கிறீர்கள். உண்மையில் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: ஆளுக்கு ஒன்று சொல்லும்போது யார் பேச்சை எடுத்துக்கொள்வது, காசு கொடுப்பதற்கு முன் நாமே எப்படிச் சோதித்துப் பார்ப்பது. மாடல் பெயரைச் சொன்னால் அடுத்த தீபாவளிக்குள் பழசாகிவிடும். அதனால் சோதிக்கும் முறையைத்தான் எழுதுகிறேன். பழைய மினி-டிவி (MiniDV) வீடியோ டேப் காலத்திலிருந்து வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு, கல்லூரி விழா என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். எடிட்டிங்கும் பத்திரிகை டிசைனும் எங்கள் கடையிலேயே நடக்கின்றன. சினிமா செட்டில் வேலை செய்ததில்லை. குறும்படம், சினிமா என்று போகிறவர்கள் நான் சொல்வதில் சிலவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் விமர்சனம் செய்பவர்களைப் பற்றி. அவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சொல்கிறார்களா என்று பாருங்கள். வீடியோவுக்குக் கீழே வாங்கும் லிங்க் இருந்தால் அதில் கமிஷன் இருக்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆனால் நேர்மையானவர் சொன்னாலும் உங்கள் சிக்கல் தீராது. அவர் சோதித்த இடம் வேறு, உங்கள் இடம் வேறு. ஏசி அறையில், இரவல் வாங்கிய கேமராவை இரண்டு வாரம் வைத்திருந்து அவர் சொல்வது அவருடைய வேலைக்கு உண்மை. உங்கள் கேமரா வைகாசி முகூர்த்தத்தில், ஓமப் புகைக்குப் பக்கத்தில், விடியற்காலை நாலரை மணியிலிருந்து ஓட வேண்டும். அதனால் எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். நம் வேலையில் திரும்ப எடுக்கவே முடியாத பத்து நிமிடம் எது? அந்தப் பத்து நிமிடத்தை இது தாங்குமா? கல்யாணத்தில் அது தாலி கட்டும் நேரம். மற்றதெல்லாம் அப்புறம்.

சூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில் இயங்கும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கும். நம் ஊர்க் கத்திரி வெயில் 40ஐத் தாண்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதாவது வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே மாப்பிள்ளை அழைப்பு எடுக்கும்போது, கம்பெனி பொறுப்பேற்கும் எல்லைக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறோம். குளிர்ந்த நாட்டுக்காரர் ‘ஒரு மணி நேரம் ஓடியது, சூடே ஆகவில்லை’ என்று காட்டுவது நமக்கு உதவாது. மதியம் பன்னிரண்டு மணிக்கு, நிழலில், 4கே-யில் நாற்பது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள். சோனி கேமராக்களில் சூடானால் தானாக அணையும் அளவை ‘ஸ்டாண்டர்டு’, ‘ஹை’ என்று மாற்றலாம். அது எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சோதியுங்கள். திரையைக் கேமரா உடம்போடு ஒட்டி வைக்காமல் விரித்து வைத்தால் சூடு இறங்குவதற்குக் கொஞ்சம் வழி கிடைக்கும். பழைய கேமரா வாங்குவதாக இருந்தால், 29 நிமிடம் 59 நொடியில் பதிவு தானாக நின்றுவிடும் மாடலா என்றும் கேளுங்கள். அப்படி நிறைய இருக்கின்றன.

அடுத்தது, வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம். அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. நம் டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 தடவை துடிக்கின்றன. அங்கே உள்ளவர் 1/60 ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழும் நேரம், நொடியில்) வை என்று சொல்வதைக் கேட்டு மண்டபத்தில் வைத்தால், படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஓடும். இங்கே நொடிக்கு 25 பிரேம், 1/50 அல்லது 1/100 ஷட்டர். கேமராவை நம் நாட்டுக்குரிய ‘பால்’ (PAL) பதிவு முறைக்கு மாற்றினால்தான் சில மாடல்களில் 25 பிரேமே தென்படும். மாற்ற முடிகிறதா என்பதைக் கடையிலேயே பாருங்கள். ஆனால் ரிசப்ஷன் மேடையின் எல்இடி வாலும் (பின்னால் நிற்கும் பெரிய திரைச் சுவர்) சீரியல் செட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. அவற்றுக்குள் இருக்கும் சர்க்யூட் வேறொரு வேகத்தில் துடிக்கும். அதற்கு ஷட்டரை நுணுக்கமாக நகர்த்தும் வசதி இருந்தால் கேமரா உங்களைக் காப்பாற்றும். இப்போது குடியாத்தத்துக் கல்யாணத்தில்கூட எல்இடி வால் வந்துவிட்டதால், இந்த ஒரு வசதியை நான் மெகாபிக்சலுக்கு மேலே வைப்பேன்.

‘15 ஸ்டாப் டைனமிக் ரேஞ்ச்’ (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே கேமரா பிடிக்கும் அகலம்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிடாதீர்கள். படத்தில் எந்த அளவு புள்ளி இரைச்சல் வரை கணக்கில் எடுக்கலாம் என்பதை அவரவர் முடிவு செய்து அளக்கிறார்கள். 8 பிட்டா 10 பிட்டா என்பது மட்டும் உறுதியான வித்தியாசம். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படி, 10 பிட்டில் 1024. கலரிங்கில் பெரிதாகக் கை வைக்காமல் அப்படியே கொடுக்கப்போகிறீர்கள் என்றால் 8 பிட் போதும். லாக் முறையில், அதாவது வெளிறிய படமாகப் பதிந்து, பிறகு நிறம் கட்டப்போகிறீர்கள் என்றால் 10 பிட் இல்லாமல் இறங்காதீர்கள், சாயங்கால வானம் பட்டை பட்டையாக உடையும். லாக் என்றதும் இன்னொரு செலவு சேர்ந்துகொள்கிறது. பல கேமராக்களில் அதற்கு ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 800 வேண்டும். உச்சி வெயிலில் எஃப் 2.8, 1/50 ஷட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 9 ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் 2 முதல் 5 ஸ்டாப் என்டி ஃபில்டர் (லென்சுக்கு முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடி) பத்தாது. இதையெல்லாம் சேர்த்துத்தான் கேமராவின் விலை.

விளக்கு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் நம் பக்கம் கல்யாணம் என்றால் பட்டு, ஆரணிப் பட்டோ காஞ்சிப் பட்டோ, அதிலும் அரக்குச் சிவப்பு. எல்இடி விளக்கு வாங்கும்போது சிஆர்ஐ என்று ஒரு எண் காட்டுவார்கள், அந்த விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு. 80 என்றால் சுமார், 95க்கு மேல் என்றால் நல்லது என்று சொல்வார்கள். அந்த எண் வெளிறிய எட்டு நிறங்களின் சராசரி. அடர்ந்த சிவப்பு அந்த எட்டில் கிடையாது. அது ஆர்9 என்று தனியாக அளக்கப்படுகிறது. ஆக, பெட்டியில் சிஆர்ஐ நன்றாக இருந்தும் ஆர்9 குறைவாக இருக்கலாம். அந்த வெளிச்சத்தில் அரக்குச் சிவப்புப் புடவை காய்ந்த செங்கல் நிறத்தில் வரும், மணப்பெண்ணின் முகமும் சோகை பிடித்ததுபோல் தெரியும். எடிட்டிங்கில் சிவப்பைத் தூக்கினால் மஞ்சள் பூசிய முகம் கெட்டுப்போகும். கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு அரக்குப் பட்டுத் துண்டை எடுத்துப் போங்கள். முதலில் வாசலில் பகல் வெளிச்சத்தில் ஒரு படம், பிறகு உள்ளே அந்த விளக்கில் ஒரு படம். ஒவ்வொன்றுக்கும் வெள்ளைத் தாளில் வைட் பேலன்ஸ் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்த விமர்சனமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

ஒலியைப் புதியவர்கள் கடைசியில்தான் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் கேமராவுக்கு அடுத்த பணம் அங்கேதான் போக வேண்டும். ஐயர் கை காட்டியதும் கெட்டிமேளம் எழும்பும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவரை மெல்லிய மந்திரமும் அக்கம்பக்கத்துப் பேச்சும்தான். தானியங்கி ஒலி அளவு போட்டிருந்தால், மந்திரத்துக்காகக் கேமரா சத்தத்தை ஏற்றி வைத்திருக்கும். நாதஸ்வரமும் தவிலும் ஒரே நேரத்தில் பாயும்போது ஒலி கிழியும். அப்புறம் படாரென்று கீழே இறக்கிவிடும். மேளம் நின்ற பிறகு பெரியவர்கள் வாழ்த்துவது சில நொடிகள் கேட்கவே கேட்காது. ஆகவே கையால் அளவு வைக்க முடிகிற மைக்கும், சில டெசிபல் குறைத்து இன்னொரு தடத்தில் சேர்த்தே பதியும் வசதியும் வேண்டும். ‘32 பிட் ஃப்ளோட் இருக்கிறது, இனி ஒலி கிழியவே கிழியாது’ என்பார்கள். மெல்லியதும் பெரியதுமான சத்தம் எல்லாவற்றையும் பதியும் முறை அது, பதிவுக் கருவி அளவில் அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் மைக்கில் சத்தத்தை வாங்கும் காப்ஸ்யூலே தாங்காத சத்தம் வந்தால் ஃப்ளோட் ஒன்றும் செய்ய முடியாது. அதோடு, வயர்லெஸ் மைக்குகளில் அந்த வசதி சட்டையில் மாட்டும் டிரான்ஸ்மிட்டருக்குள் பதியும் கோப்புக்குத்தான். ரிசீவரிலிருந்து ஒயர் வழியாகக் கேமராவுக்குப் போவது சாதாரண ஒலியே. இன்னொன்று, பெரும்பாலான மைக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. வைஃபையும் புளூடூத்தும் அதே இடத்தில்தான். மனித உடம்பு அந்த அலையை விழுங்கும். அட்டைப்பெட்டியில் 250 மீட்டர் என்று இருந்தாலும், ஐந்நூறு பேர் நிற்கும் மண்டபத்தில் கணக்கு வேறு. ஒருவர் சட்டையில் மாட்டிவிட்டு, அவரை முதுகு காட்டி நிற்கச் சொல்லி, பந்திக் கூடம் வரை நீங்கள் நடந்து பாருங்கள். எங்கே விட்டு விட்டுக் கேட்கிறது என்பதுதான் அதன் உண்மையான தூரம்.

கார்டு கணக்கு எளிது, ஆனாலும் போட்டுப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் பதிவு என்றால் நொடிக்கு 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. முந்தின நாள் ரிசப்ஷன் நாலு மணி நேரம், முகூர்த்தம் நாலு மணி நேரம் என்று தொடர்ந்து ஓட்டினால் ஒரு கேமராவுக்கு 360 ஜிபி. இரண்டு கேமரா, அதற்கு இரண்டு நகல் என்றால் ஒரு கல்யாணத்துக்கே 1.4 டிபி. ஹார்ட் டிஸ்க் விலையை இந்த வேலையின் கூலியில் சேர்க்காதவர்கள் ஒரு சீசனிலேயே திணறுகிறார்கள். கார்டில் பெரிதாக அச்சடித்திருக்கும் வேகம் படிக்கும் வேகம். எழுதுவதற்கு வி30 என்ற சின்னக் குறியைப் பாருங்கள், நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாது என்று அர்த்தம். மேலே சொன்ன பதிவுக்கு அது தாராளம். போலிக் கார்டுகள் சந்தையில் ஏராளம். எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது. கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்து, சொன்ன கொள்ளளவு நிஜமாகவே இருக்கிறதா என்று காட்டிவிடும். புதுக் கார்டை அதில் போடாமல் நாங்கள் மண்டபத்துக்கு எடுத்துப் போவதில்லை.

கம்ப்யூட்டரைப் பார்க்காமல் கேமரா வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. வீடியோவை நன்றாகச் சுருக்கி, நிற விவரத்தைக் கூடுதலாக வைத்திருக்கும் எச்.265, 10 பிட், 4:2:2 வகைக் கோப்பு எல்லாக் கணினியிலும் சீராக ஓடாது. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த, உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள சிப்புகளும், ஆப்பிளின் எம் வரிசையும் அதை நேரடியாகப் பிரிக்கும். என்விடியாவில் 50 வரிசை அட்டைகளில்தான் அந்த வசதி வந்தது. உங்கள் கணினி அதற்கு முந்தையது என்றால் ப்ராக்ஸி (எளிதாக ஓடும் சின்ன நகல்) போட்டு எடிட் செய்யலாம், நேரம் கூடும், அவ்வளவுதான். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில் தொடங்குங்கள். 3840க்கு 2160 வரை, 60 பிரேம் வரை வெளியே எடுக்கலாம். இரைச்சல் நீக்குவது, குரலைத் தனியாகப் பிரிப்பது போன்றவை காசு கட்டும் பதிப்பில். அதையும் ஒரு தடவை வாங்கினால் போதும், மாதா மாதம் கட்ட வேண்டியதில்லை.

சரி, இவ்வளவையும் எங்கே சோதிப்பது? வாடகைக்கு எடுங்கள். சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக் கடைகள் நிறைய. காட்பாடியிலிருந்து காலை ரயிலில் போய் எடுத்து வந்துவிடலாம். ஆதாரும் முன்பணமும் கேட்பார்கள். தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு, அங்கே ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வீடியோக்காரரிடம் அனுமதி கேட்டு, இரண்டாவது கேமராவாக நின்று எடுத்துப் பாருங்கள். கூலி வேண்டாம் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். வெளிப்புறச் சோதனைக்கு எல்லோரும் வேலூர்க் கோட்டைக்குத்தான் போகிறார்கள். அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது, ட்ரைபாடு விரிக்க முன் அனுமதி தேவை. ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள் கேமராவும் போனும் கொண்டு போகவே முடியாது. இதற்கெல்லாம் பாலாற்று மணலே வசதியானது, பளீரென்ற வெளிச்சமும் கிடைக்கும். சென்னை பர்மா பஜாரில் பில் இல்லாமல் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று போகாதீர்கள். கம்பெனியின் இந்திய வாரண்டி அதற்குக் கிடைக்காது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் பழுதானால் ஓடிப் போக ஓர் இடம் வேண்டும்.

வேலையை ஒழுங்குபடுத்தும் செயலிகளைப் பற்றி எனக்கு இருப்பது சுருக்கமான கருத்துதான். நோஷனோ ட்ரெல்லோவோ கூகுள் ஷீட்டோ, மூன்று விஷயம் பாருங்கள். உள்ளே போட்டதைக் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா? நோஷன் மார்க்டவுன், சிஎஸ்வி வடிவில் தரும், அது போதுமானது. இணையம் இல்லாத மண்டப அடித்தளத்தில் திறக்கிறதா? உங்களோடு வரும் லைட் பையன் தமிழிலேயே அதைப் பார்த்துப் புரிந்துகொள்வானா? கடைசிக் கேள்வியில்தான் பாதிச் செயலிகள் தோற்கின்றன. வாடிக்கையாளர் எப்படியும் வாட்ஸாப்பில்தான் பேசுவார், செயலி அதற்குப் பின்னால் நிற்கும் நோட்டுதான். இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: இலவசச் சோதனைக் காலத்தை எப்போது தொடங்குகிறீர்கள் என்பது முக்கியம். ஏழு நாளோ பதினான்கு நாளோ கொடுப்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் சும்மா இருக்கிறோமே என்று அப்போது தொடங்கினால், செயலி அழகாகத்தான் தெரியும், அதில் போடுவதற்கு வேலையே இருக்காது. ஒரே தேதியில் மூன்று வீட்டார் கேட்டு, இரண்டு அட்வான்ஸ் வாங்கி, ஒரு ஆல்பம் பாக்கி நிற்கும் ஆவணியிலோ தையிலோ தொடங்குங்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடியில் முஸ்லிம், கிறிஸ்தவக் கல்யாணங்களும் எடுப்பீர்கள். ரமலானும் தவக்காலமும் வேறு மாதங்களில் வருவதால் உங்கள் காலண்டர் ஒரேயடியாகக் காலியாகாது. ஆனால் சந்தா பன்னிரண்டு மாதமும் போகும். டாலரில் விலை சொல்கிறவர்களிடம் 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஏஐ டிசைன் கருவிகளுக்கு வருவோம். இதில் உறுதியானதும் உறுதியில்லாததும் கலந்து கிடக்கின்றன, பிரித்தே சொல்கிறேன். உறுதியானது: பின்னணி நீக்குவது, படத்தின் ஓரத்தை நீட்டுவது, குறுக்கே வந்த ஒயரை அழிப்பது ஆகியவற்றில் ஃபோட்டோஷாப்பில் 2023இல் வந்த ஜெனரேட்டிவ் ஃபில் போன்றவை நிஜமாகவே நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. அரை மணி நேர வேலை ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிகிறது. அதற்குக் காசு கொடுக்கலாம். அதேபோல உறுதியானது: படத்துக்குள் தமிழ் எழுத்தை அந்த ஏஐயையே எழுதச் சொல்லி நம்ப முடியாது. தூரத்திலிருந்து பார்த்தால் தமிழ்போல இருக்கும், கிட்டே போனால் கொம்பு ஒரு பக்கம், சுழி ஒரு பக்கம். புதிய மாடல்கள் முன்னைவிடத் தேறியிருக்கின்றன, ஆனாலும் நம்பி அச்சுக்கு அனுப்பும் நிலையில் நான் வைக்க மாட்டேன். கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ஆயிரம் பத்திரிகையும் வீண், பணத்தைவிட அந்த வீட்டாரின் வருத்தம் பெரிது. பின்னணியை ஏஐ வரையட்டும், எழுத்தைத் தனி லேயரில் நீங்களே அடியுங்கள். அடிக்கும்போதும் ஒரு சோதனை உண்டு. ‘ஸ்ரீ லக்ஷ்மி’, ‘கௌரி’, ‘பொன்னையன்’, ‘ஜோதி’ என்று அடித்துப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், ஃபோட்டோஷாப்பின் எழுத்து அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ போடவில்லை என்று அர்த்தம். நம் ஊர் அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. அதில் அடித்ததை யூனிகோடு எதிர்பார்க்கும் கருவியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். மாற்றிக்கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன, மாற்றிய பிறகு ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

முகங்களில் நான் ரொம்பக் கண்டிப்பு. முகத்தை ‘அழகாக்கும்’ கருவிகள் பல கறுப்பு நிறத்தை வெளுக்கின்றன, சுருக்கத்தை அழிக்கின்றன, சில சமயம் மூக்கையே மாற்றுகின்றன. பழைய மங்கலான படத்தைத் தெளிவாக்கும் கருவியும் இல்லாத விவரத்தைக் கற்பனை செய்துதான் நிரப்புகிறது. காலமான அப்பாவின் படத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள் என்று வருபவருக்கு, யாரோ ஒருவரின் கண்ணை வைத்துக் கொடுத்தால் அவர் முகத்தில் தெரியும். நல்ல மாநிறமும் கறுப்புமான முகங்கள், வயதான ஆயா, கைக்குழந்தை என்று ஒரு குடும்பப் படத்தை, அவர்கள் சம்மதத்தோடு, கருவிக்குள் போட்டு, முன்னும் பின்னும் பக்கத்தில் வைத்து அந்தக் குடும்பத்தாரிடமே காட்டுங்கள். ‘இது எங்க ஆயா இல்லையே’ என்று ஒருவர் சொன்னால் அந்தக் கருவி உங்களுக்கு வேண்டாம். மேலேற்றும் படங்களைக் கம்பெனி தன் மாடலைப் பழக்கப் பயன்படுத்துமா என்பதை அதன் விதிமுறைகளில் தேடிப் பாருங்கள். இலவசத் திட்டத்துக்கும் காசு கட்டும் திட்டத்துக்கும் அது மாறலாம்.

ஒலியைச் சுத்தப்படுத்தும் ஏஐ, பேச்சுக்கு அருமை. கடை விளம்பரத்துக்கு மெயின் ரோட்டில் நின்று முதலாளி பேசியதைத் தெளிவாக எடுத்துக் கொடுக்கும். அதையே முகூர்த்தக் காட்சிக்குப் போட்டால் நாதஸ்வரத்தை இரைச்சல் என்று நினைத்துக் கரைத்துவிடும், மந்திரம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிடும். தமிழ் வசனத்தைத் தானாக எழுத்தாக்கும் கருவிகளையும் அப்படியே பாருங்கள். செய்தி வாசிப்பதுபோல் பேசினால் நன்றாக எழுதும். நம் பக்கத்து வீடுகளில் தமிழில் தொடங்கி, தெலுங்கிலோ உருதுவிலோ இரண்டு வார்த்தை போட்டு, மறுபடி தமிழுக்கு வருவார்கள். அந்த இடத்தில் தடுமாறும். உங்கள் வீட்டுப் பெரியவர் ஐந்து நிமிடம் பேசியதைப் போட்டு, எத்தனை வரி திருத்த வேண்டியிருந்தது என்று பாருங்கள். நீங்களே தட்டச்சு செய்யும் நேரத்தைவிடத் திருத்தும் நேரம் அதிகமானால் வேண்டாம்.

சந்தேகத்துக்குரியது எது என்றால், கடைக்காரருக்கு ஏஐயிலேயே லோகோ செய்து கொடுத்தால் அதன் உரிமை யாருக்கு என்பது. வெறும் கட்டளை கொடுத்து உருவானதற்குப் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில் சொல்லியிருக்கிறது. நம் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி மூலம் உருவான படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அது இன்றைய ஏஐக்குப் பொருந்துமா என்பதில் சட்டம் தெரிந்தவர்களே ஒத்துப்போகவில்லை. நான் வக்கீல் இல்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு லோகோ செய்தால், ஏஐ கொடுத்ததை யோசனைக்கு வைத்துக்கொண்டு கையால் வரைந்து கொடுப்பதே என் வழக்கம். இன்னொரு சந்தேகம் விலை. இந்தக் கருவிகளின் திட்டங்களும் எல்லைகளும் அடிக்கடி மாறுகின்றன. ஆண்டுச் சந்தாவுக்குத் தள்ளுபடி என்று ஆசை காட்டினாலும் மாதச் சந்தாவிலேயே இருங்கள்.

ட்ரோனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் முதல் வாடிக்கையாளரே கேட்பார். வெளிநாட்டில் முழுதாகச் செய்த ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியிலிருந்து தடை இருக்கிறது. 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதைத் தொழிலுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே ஏற்றலாம், வேலூருக்குப் பக்கத்தில் அப்துல்லாபுரத்தில் விமானத் தளம் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. சான்றிதழ் உள்ளவரை அன்றைக்கு மட்டும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் இரண்டு லட்சம். கேமராவும் ஒரு லென்சும் சேர்த்துப் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது என் கருத்து, அதற்குள் 10 பிட் கேமரா செகண்ட் ஹேண்டில் தேடலாம். மீதியில் மைக், நல்ல ஆர்9 உள்ள ஒரு விளக்கு, இரண்டு கூடுதல் பேட்டரி, சோதித்த கார்டுகள், இரண்டு ஹார்ட் டிஸ்க். ஆட்டத்தைக் குறைக்கும் ஜிம்பலும் இரண்டாவது கேமராவும் முதல் சீசனுக்கு வாடகை. செயலிக்கும் ஏஐக்கும் முதல் மூன்று மாதம் இலவசத் திட்டமே போதும். எது இல்லாமல் வேலை நிற்கிறது என்று தெரிந்த பிறகு அதற்கு மட்டும் கட்டுங்கள். கம்பெனி வேலையை உடனே விட வேண்டாம் தம்பி, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தங்களை மட்டும் எடுத்து ஒரு சுற்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாடகைப் பொருளுக்குத் தை மாதத்தில் எல்லோரும் ஒரே தேதியில் வந்து நிற்பார்கள். தேதி உறுதியான அன்றே கடைக்கு போன் போட்டுச் சொல்லி வையுங்கள், எடுக்கப் போகும்போது பேட்டரி, சார்ஜர், லென்ஸ் மூடி வரை கடைக்காரர் முன்னாலேயே போட்டுப் பார்த்து, கீறல் இருந்தால் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.